ஆர்த்தோ கட்டுரையை எங்கே அனுப்புவது: நம்மூர் இதழா, பேர்பெற்ற இதழா, காசு கட்டும் இதழா?

எலும்பு மருத்துவப் பிரிவில் (ஆர்த்தோ) ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்த எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த ஜர்னலுக்கு இம்பேக்ட் ஃபேக்டர் எவ்வளவு டாக்டர்?" அதாவது, அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண். யார் படிப்பார்கள், எப்போது வெளிவரும், காசு கேட்பார்களா, கேட்டால் யார் கட்டுவது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சில பேருக்கு அதற்கப்புறமும் கிடையாது. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள் என்று சொல்கிற ஆள் நான்.

பொதுப்படையாகப் பேசினால் பிடி கிடைக்காது, அதனால் ஒரு கட்டுரையை முன்னால் வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனை, ஆர்த்தோ பிரிவு, சில ஆண்டுக் கோப்புகள். மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிய வந்து சேர்ந்தவர்கள். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள், எனவே இப்படிப்பட்ட கால்களுக்கு நம் வார்டில் பஞ்சமே இல்லை. கட்டுரை கேட்கும் கேள்வி சின்னது: சிறிய மருத்துவமனையிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டவர்களுக்கு முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, காயத்தைக் கழுவ தியேட்டருக்கு எப்போது போனார்கள், பின்னால் யார் யாருக்குச் சீழ் பிடித்தது. என்.எம்.ஆர்.ஆர். (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு இருக்கிறது, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இருக்கிறது. சரி, எங்கே அனுப்புவது?

முதல் வழி உள்ளூர்: மலேசிய எலும்பு மருத்துவர் சங்கத்தின் மலேசியன் ஆர்த்தோபீடிக் ஜர்னல், இல்லாவிட்டால் மலேசிய மருத்துவர் சங்கத்தின் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா. இரண்டாவது வட்டாரம், அதாவது ஆசிய பசிபிக் எலும்பு மருத்துவச் சங்கத்தின் ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபீடிக் சர்ஜரி. மூன்றாவது, எல்லோரும் கனவு காணும் அமெரிக்க ஜே.பி.ஜே.எஸ். (ஜர்னல் ஆஃப் போன் அண்ட் ஜாயிண்ட் சர்ஜரி), பிரிட்டனின் போன் அண்ட் ஜாயிண்ட் ஜர்னல். நான்காவது, கட்டணம் வாங்கிக்கொண்டு வேகமாக வெளியிடும் பெரிய ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்கள்.

இவற்றை ஒப்பிடும் முன் இம்பேக்ட் ஃபேக்டர் என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அது எப்படி வருகிறது என்று தெரியாமலேயே அதை வைத்து முடிவெடுக்கிறார்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரை, ரிவியூ கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 80 கட்டுரைக்கு 120 மேற்கோள் என்றால் 1.5. அவ்வளவுதான். இதிலும் ஒரு ஓட்டை: தலையங்கம், வாசகர் கடிதம் போன்றவற்றுக்குக் கிடைக்கும் மேற்கோள் மேலே கணக்கில் சேரும், ஆனால் அவை கீழே எண்ணப்படுவதில்லை. யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் சொன்ன யோசனையிலிருந்து வளர்ந்த எண் இது, 1975 முதல் ஆண்டறிக்கையாக வருகிறது. எந்த இதழை அட்டவணையில் சேர்க்கலாம், நூலகம் எதற்குச் சந்தா கட்டலாம் என்று பார்ப்பதற்குப் பயன்பட்டது, இன்றைக்கு ஆளின் பதவி உயர்வு வரை வந்து நிற்கிறது.

நம் துறைக்கு இந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு வெளியே தேட வேண்டாம், காலையில் பாஸ் ஓவர் (இரவுப் பணி பார்த்தவர் நோயாளிகளை ஒப்படைப்பது) நடக்கும்போது காதைத் திறந்து வைத்தாலே போதும். இரவு ஆன் கால் பார்த்த எம்.ஓ., தூக்கம் கலையாத குரலில், "இருபத்திரண்டு வயசு, காப்சாய், இடது டிபியா, கஸ்டிலோ த்ரீ பி" என்பார். காப்சாய் என்பது சிறிய மோட்டார் சைக்கிள், டிபியா முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு, கஸ்டிலோ என்பது தோல் கிழிந்த (திறந்த) முறிவுகளைக் கடுமைப்படி பிரிக்கும் வகைப்பாடு. அது 1976இல் ஜே.பி.ஜே.எஸ்.இல் வந்த கட்டுரை, 1,025 திறந்த முறிவுகளைப் பார்த்து கஸ்டிலோவும் ஆண்டர்சனும் எழுதியது. மூன்றாம் வகையை ஏ, பி, சி என்று பிரித்தது 1984இல், வேறோர் இதழில். உலகம் முழுக்க இன்றும் தினமும் உச்சரிக்கப்படும் இந்தக் கட்டுரை 1978க்குப் பிறகு அந்த இதழின் இம்பேக்ட் ஃபேக்டரில் ஒரு சல்லிக்காசு கூடச் சேர்க்கவில்லை, ஏனென்றால் கணக்கின் ஜன்னல் இரண்டே ஆண்டு. எலும்பு மெதுவாகத்தான் சேரும். செயற்கை மூட்டு வைத்தால் பத்து ஆண்டு கழித்துத்தான் அது தாங்கியதா என்று தெரியும். அதனால் நம் துறையில் கட்டுரைகள் தாமதமாக மேற்கோள் பெறும், நீண்ட காலம் பெறும், இரண்டாண்டு எண்ணில் ஏழையாகத் தெரியும்.

ஜே.பி.ஜே.எஸ். போன்ற ஆகப் பெரிய ஆர்த்தோ இதழே அண்மை ஆண்டுகளில் நான்குக்கும் ஏழுக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. புற்றுநோய்த் துறையின் சி.ஏ. என்ற இதழ் 2020இல் 500ஐத் தாண்டியது, அமெரிக்கப் புற்றுநோய் எண்ணிக்கைகளை ஆண்டுதோறும் அது வெளியிடுவதால் துறையில் யார் எழுதினாலும் முதல் வரியில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்காக எலும்பு மருத்துவரைவிடப் புற்றுநோய் மருத்துவர் நூறு மடங்கு முக்கியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லான்செட்டை எடுங்கள், 2020இல் 79 ஆக இருந்தது 2021இல் 202 ஆனது. தரம் ஒரே ஆண்டில் இரண்டரை மடங்கு ஏறிவிடவில்லை, கோவிட் வந்தது, அவ்வளவுதான். சின்ன இதழில் இந்த ஆட்டம் இன்னும் பெரிது. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் இதழ், 2008இல் வந்த ஒரே ஒரு மென்பொருள் கட்டுரையால் இரண்டிலிருந்து 49க்குப் போய்விட்டுப் பிறகு இறங்கி வந்தது.

எண்ணுக்காக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2013இல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்கள் ஒன்றையொன்று மாற்றி மாற்றி மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றியது வெளியே வந்து, அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டன. நான்கில் ஒன்று ஆக்டா ஆர்டோபீடிகா பிரசிலேரா, எலும்பு மருத்துவ இதழ். அந்நாட்டில் முதுநிலைப் படிப்புகளை மதிப்பிடும் அரசு அமைப்பு, ஆய்வாளர்கள் எழுதும் இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டரைப் பார்த்து மதிப்பெண் போட்டது. உள்ளூர் இதழில் எழுதினால் நட்டம் என்ற நிலை வந்தது, உள்ளூர் இதழ்களின் ஆசிரியர்கள் இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்மூர்ப் பல்கலைக்கழகங்களில் "கியூ ஒன், கியூ டூ இல்லாவிட்டால் கணக்கில் சேராது" (துறையின் இதழ்களை நான்காகப் பிரித்தால் முதல் கால்பங்கு கியூ ஒன், அடுத்தது கியூ டூ) என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

அந்த கியூ ஒன் விஷயத்திலும் ஒரு சின்ன எச்சரிக்கை. இம்பேக்ட் ஃபேக்டரை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் ஓர் இடம், ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து ஸ்கிமாகோ போடும் பட்டியலில் வேறோர் இடம் என்று ஒரே இதழ் இரண்டு விதமாக இருக்கலாம். உங்கள் துறைத்தலைவர் எதைப் பார்ப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இதழ்கள். இத்தனை இதழ் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்படுபவர்களுக்கு: ஒரு காலத்தில் எலும்பு மருத்துவம் என்றால் ஓரிரு இதழ்தான். ஜே.பி.ஜே.எஸ்.இன் பிரிட்டிஷ் பதிப்பு 1948இல் பிரிந்து வந்தது, 2013இல் பெயரை மாற்றிக்கொண்டு போன் அண்ட் ஜாயிண்ட் ஜர்னல் ஆனது. 1970களிலிருந்து துறை துண்டு துண்டாகப் பிரிய, ஒவ்வொரு துண்டும் தனக்கென்று ஓர் இதழைத் தொடங்கியது: முதுகெலும்புக்கும் கைக்கும் 1976இல், மூட்டுக்குள் கேமரா விடும் சிகிச்சைக்கு 1985இல், செயற்கை மூட்டுக்கு 1986இல். அப்புறம் ஓப்பன் ஆக்சஸ் காலம் வந்தது, பெரிய இதழ்களே பிள்ளை இதழ்களைப் பெற்றுக்கொண்டன. ஜே.பி.ஜே.எஸ். ஓப்பன் ஆக்சஸ் 2016இல் வந்தது, போன் அண்ட் ஜாயிண்ட் ஓப்பன் 2020இல். தாய் இதழ் திருப்பி அனுப்பும் கட்டுரைக்குப் பிள்ளை இதழ் கதவைத் திறந்து வைத்திருக்கும், வாசலில் கட்டணப் பலகையும் தொங்கும்.

பேர்பெற்ற இதழுக்கு முதலில் அனுப்பிப் பார்ப்போமே, திருப்பி அனுப்பினால் அடுத்ததுக்குப் போகலாமே என்பது பெரும்பாலான சீனியர்கள் சொல்லும் அறிவுரை. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். நல்ல பக்கம் என்னவென்றால், இந்த இதழ்கள் சந்தாவில் ஓடுபவை, ஓப்பன் ஆக்சஸ் வேண்டும் என்று நீங்களாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆசிரியர் மேசையிலேயே தள்ளுபடி செய்வதாக இருந்தால் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். ரிவியூவர் வரை போய்த் திரும்பினால், தள்ளுபடியானாலும் உருப்படியான கருத்துகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நம் கட்டுரையை அவர்கள் கண்ணால் பாருங்கள். ஒரே மருத்துவமனை, பழைய கோப்புகளைப் புரட்டி எடுத்த தகவல், ஆன்டிபயாட்டிக்கைச் சீக்கிரம் போடுவது நல்லது என்ற முடிவு. ஆறு மணி நேரத்துக்குள் கழுவியே ஆக வேண்டும் என்ற பழைய விதி ஆட்டம் கண்டு வெகு காலம் ஆகிவிட்டது, ஊசியின் நேரம்தான் முக்கியம் என்பதும் அவர்களுக்குப் புதிதில்லை. பாஸ்டனிலோ லண்டனிலோ உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை, அவர் சொல்வதும் சரிதான்.

திறந்த முறிவைப் பற்றிப் பெரிய இடத்தில் எழுத வேண்டுமென்றால் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஃப்ளோ என்ற ஆய்வைப் பாருங்கள். காயத்தைக் கழுவும்போது தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், சோப்பா வெறும் சலைன் என்ற உப்புநீரா என்பதுதான் கேள்வி, இதைவிட எளிய கேள்வி தியேட்டரில் கிடையாது. ஆனால் ஐந்து நாடுகள், இந்தியாவும் அதில் ஒன்று, 41 மருத்துவமனைகள், 2,400க்கும் மேற்பட்ட நோயாளிகள். 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது: அழுத்தத்தால் வேறுபாடில்லை, சோப்பைவிடச் சலைன் மேல். நாளைக்குக் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு, கூச்சிங் மருத்துவமனைகள் சேர்ந்து இப்படி ஒன்றைச் செய்தால், தயங்காமல் மேலே அனுப்புங்கள், நானே கட்டுரையோடு போகும் கவர் லெட்டர் எழுதித் தருகிறேன்.

இப்போது கட்டணம் வாங்கும் வேக இதழ்கள். இவற்றை ஒரேயடியாகத் திட்டுவது எளிது, ஆனால் இவற்றில் ஒழுங்காக ரிவியூ நடக்கும் இதழ்களும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்பது மாவட்ட மருத்துவமனையில் சந்தா இல்லாமல் தவிக்கும் மருத்துவருக்குப் பெரிய உதவி. பிரச்சினை இரண்டு. ஒன்று பணம். 2,000, 2,500 அமெரிக்க டாலர் கேட்பது சர்வ சாதாரணம், ரிங்கிட்டில் மாற்றினால் ஒரு எம்.ஓ.வின் மாதச் சம்பளம் முழுதும் போனாலும் பற்றாது. ஏழை நாடுகளுக்குத் தரும் முழு விலக்கு நமக்குப் பெரும்பாலும் பொருந்தாது, வருமானப் பட்டியலில் மலேசியா அந்தப் படியைத் தாண்டி வெகு நாளாகிறது. இரண்டாவது, எண் எவ்வளவு நாள் நிற்கும் என்பது. எம்.டி.பி.ஐ. என்ற பதிப்பகத்தின் ஐ.ஜே.இ.ஆர்.பி.ஹெச். என்ற பொதுச் சுகாதார இதழ் நாலரைக்கு மேல் இம்பேக்ட் ஃபேக்டர் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை வெளியிட்டுக்கொண்டிருந்தது, 2023இல் கிளாரிவேட் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தில், சிறப்பிதழ் என்ற பெயரில் போலிக் கட்டுரைகள் புகுந்து, 2023இல் மட்டும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள், கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். நேர்மையாக எழுதியவரின் கட்டுரையும் அதே வீட்டில்தான் இருக்கிறது. சிறப்பு மருத்துவராவதற்கான மாஸ்டர்ஸ் படிப்பு நேர்காணலில் இதை விளக்கிக்கொண்டு உட்கார வேண்டுமா?

இதற்கும் கீழே ஒரு தளம் உண்டு, அதை வழி என்றே நான் எண்ணவில்லை. ஹவுஸ்மேன் பயிற்சி முடித்து ஓராண்டு கூட ஆகாதவருக்கு "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று மின்னஞ்சல் வரும், நீங்கள் எலும்பைப் பற்றி எழுதிய அருமையான கட்டுரையைப் படித்து வியந்தோம், எங்கள் பல் மருத்துவ இதழுக்கு 48 மணி நேரத்தில் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டிருப்பார்கள். அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டி.ஓ.ஏ.ஜே. என்ற ஓப்பன் ஆக்சஸ் இதழ்களின் பட்டியலில் இதழ் இருக்கிறதா, அதில் எழுதிய ஆட்களில் ஒருவரையாவது உங்களுக்கோ உங்கள் ஸ்பெஷலிஸ்டுக்கோ தெரியுமா என்று பாருங்கள். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினால் வருகிறது என்பது மட்டும் போதாது, பி.எம்.சி. என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியத்தில் சேமிக்கப்படுவதாலும் ஒரு கட்டுரை பப்மெட்டில் வரும், மெட்லைனில் தேர்ந்தெடுக்கப்பட்ட இதழ் என்பது தனி.

வட்டார இதழைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபீடிக் சர்ஜரி ஆசிய பசிபிக் சங்கத்தின் இதழ், சங்கத்தின் செயலகம் கோலாலம்பூரில், நம்மூரிலேயே இருக்கிறது. 2017இல் சேஜ் நிறுவனத்துக்குப் போன பின் முழு ஓப்பன் ஆக்சஸ், ஆகவே கட்டணக் கேள்வி இங்கேயும் உண்டு. மோட்டார் சைக்கிள் காயம் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எல்லாவற்றுக்கும் பொதுவான தலைவலி. உங்கள் கட்டுரை அவர்களுக்கும் பயன்படுமென்றால், பணத்துக்கு வழியிருந்தால், நல்ல இடம்.

இந்தக் கட்டுரைக்கு நான் தேர்ந்தெடுப்பது மலேசியன் ஆர்த்தோபீடிக் ஜர்னலைத்தான். 2007இல் தொடங்கியது, மார்ச், ஜூலை, நவம்பர் என ஆண்டுக்கு மூன்று இதழ், கட்டுரை முழுதும் பி.எம்.சி.யில் இலவசமாகக் கிடைக்கும். 2023இல் கிளாரிவேட் தன் விதியை மாற்றி, வளரும் இதழ்களின் பட்டியலில் இருப்பவற்றுக்கும் இம்பேக்ட் ஃபேக்டர் கொடுக்க ஆரம்பித்த பிறகு, உலகெங்கும் இப்படிப்பட்ட சங்க இதழ்களுக்கு முதல் முறையாக எண் கிடைத்தது. எண் சின்னதுதான். ஆனால் நம் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலை எதையாவது மாற்றக்கூடியவர் யார்? தெலுக் இந்தானிலோ கோல குபு பாருவிலோ அவசரப் பிரிவில் நிற்கும் எம்.ஓ., ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்பே ஊசியைப் போட்டு, போட்ட நேரத்தை மாற்றல் கடிதத்தில் எழுதி அனுப்பினால் போதும். கோப்புகளைப் புரட்டினால் தெரியும், மாற்றல் கடிதத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், நேரம் மட்டும் இருக்காது. இல்லாவிட்டால் மூலையில் யாரோ பேனாவால் கிறுக்கிய நேரம் மூன்றா எட்டா என்று தெரியாது. இந்தத் தகவலுக்கு நியூயார்க்கில் மதிப்பில்லை, ஈப்போவில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் படிப்பது சங்க இதழைத்தான், சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசுவதும் இதையொட்டித்தான். ஆண்டுக்கு மூன்றே இதழ் என்பதால் ஏற்றுக்கொண்ட பிறகும் காத்திருக்க வேண்டியிருக்கலாம், அது ஒன்றுதான் குறை. விண்ணப்பத் தேதி நெருங்குகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் மலேசியா ஏன் வேண்டாம்? வேண்டாமென்று இல்லை. 1890இல் நீரிணை மருத்துவச் சங்கத்தின் இதழாகப் பிறந்தது, 1972 முதல் இந்தப் பெயரில் வருகிறது, மெட்லைனில் இருக்கிறது, அலுவலகம் ஜாலான் பகாங்கில், கோலாலம்பூர் பெரிய மருத்துவமனை இருக்கும் அதே சாலையில். எல்லாத் துறை மருத்துவர்களும் புரட்டும் இதழ் என்பதால், கட்டுரை அவசரப் பிரிவுக்காரர்களை நோக்கிச் சாய்ந்தால் இதுவே மேல் என்று கூட வாதிடலாம். அறுவை நுட்பம், வகைப்பாடு என்று உள்ளே இறங்கிப் பேசினால் ஆர்த்தோ இதழ். எங்கள் பிரிவில் இதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள், என் ஓட்டு எதற்கு என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் பதிலும் வேறுதான். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், பதவி உயர்வுக் குழு கியூ டூவுக்குக் கீழே பார்க்காது என்றால், கொள்கை பேசி வயிறு நிறையாது, வட்டார இதழுக்கோ அதற்கு மேலோ போங்கள். ஓர் இதழின் எண்ணை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இல் எழுதிய டோரா பிரகடனத்தில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன, அதைக் குழுவின் முன் எடுத்துக் காட்டிப் பார்க்கலாம், முகத்தில் சிரிப்பு வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அரிதான ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட் என்றால் பெரிய இதழ்கள் பல வாங்குவதே இல்லை, மேற்கோள் வராது, எண் இறங்கும் என்பதுதான் காரணம். அதற்கென்றே இருக்கும் இதழைத் தேடுங்கள்.

எங்கே அனுப்புவதாக இருந்தாலும் சுகாதார அமைச்சில் வேலை செய்பவர்கள் அதற்கு முன் வெளியீட்டு அனுமதி வாங்க வேண்டும், கட்டுரையின் கடைசியில் சுகாதாரத் தலைமை இயக்குநருக்கு நன்றி சொல்லும் அந்த வழக்கமான வரியும் வேண்டும், இதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள், பிடிபட்டால் இரண்டும் போய்விடும். தள்ளுபடிக் கடிதத்தோடு "எங்கள் பிள்ளை இதழுக்கு மாற்றிவிடலாமா" என்று ஒரு பொத்தான் வரும், களைப்பில் அதை அழுத்திவிடாமல் முதலில் கட்டணப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கட்ட வேண்டியிருந்தால் பணம் துறையுடையதா, ஆய்வு நிதியா, உங்கள் பையா என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்த கையோடு இன்வாய்ஸும் வந்துவிடும், அதில் இருப்பது உங்கள் பெயராகத்தான் இருக்கும்.